35 புள்ளியா, 80 வீத வரவா: போட்டிக்கு யாரை அனுப்புவது?

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு விதி முடிவுக்கு வருகிறது. தவணைப் பரீட்சையில் மூன்று பாடங்களில் 35 புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளை, பக்கத்துப் பாடசாலைகளோடு மோதுகிற கோட்டமட்டப் போட்டிக்குப் போகக்கூடாது. விளையாட்டு, தமிழ்த்தினம், சாரணர், பாண்ட் வாத்தியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. போன கூட்டத்தில் இதை முன்வைத்த அண்ணைக்கு நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து மகளின் கரப்பந்தாட்ட அணியை ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தபோதுதான் கை கூசியது. ஆறு பேரில் நான்கு பேர் அந்த விதிக்குள் அகப்பட்டுவிடுவார்கள். மிச்சம் இரண்டு பேரை வைத்துக்கொண்டு வலைக்கு இந்தப் பக்கம் என்ன செய்வது?

அதனால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லா வழிக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப்போவதில்லை. சிலது அதிகம் பேச வேண்டியது, சிலது இரண்டு வரியில் முடிகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். வயது, பாடசாலையில் பதிவு, எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதெல்லாம் போட்டியை நடத்துகிறவர்கள் வைக்கும் விதிகள். 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓட வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழில் திகதி சரியாக இருக்க வேண்டும். அதிபர் நினைத்தாலும் அதை நீட்டிக் குறுக்க முடியாது. வன்னியில் அதுவே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது பலரிடம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. மீளக் குடியேறிய பிறகு சான்றிதழ்ப் பிரதிக்காக வரிசையில் நின்ற நாட்கள் எனக்கு நல்ல ஞாபகம். இப்போது பள்ளியில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், அந்தத் தலையிடி குறைந்துவிட்டது. ஆக, நாம் பேசுவது இரண்டாவது படலையைப் பற்றி: பாடசாலை தானே போட்டுக்கொள்ளும் படலை. அதைத் திறப்பதும் பூட்டுவதும் நம் கையில் இருக்கிறது.

புள்ளி விதியின் கவர்ச்சி எனக்கும் விளங்குகிறது. எண் எண்தான், அதில் முகத்தாட்சணியம் இல்லை. தலைவரின் மகனாக இருந்தாலும் 34 என்றால் 34. அதோடு, விளையாட்டை உயிராக நினைக்கும் பிள்ளைக்கு அது ஒரு தூண்டில். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன், உதைபந்து என்றால் சாப்பாடு வேண்டாம். தாய் ஒரு தவணை பந்தை எடுத்து அலுமாரிக்குள் பூட்டினார். அடுத்த தவணை வரலாற்றில் 28இல் இருந்து 51க்கு வந்தான். அதைப் பார்த்தவர்கள் யாரும் புள்ளி விதியை எதிர்க்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பெடியனுக்கு வரலாறு படிப்பிக்க ஆசிரியர் இருந்தார். எங்கள் பாடசாலையில் அடிக்கடி வெற்றிடமாகக் கிடப்பவை கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். சரியாக மூன்று பாடம். ஒரு வருடம் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், பதில் ஆசிரியர் வர ஒரு தவணைக்கு மேல் எடுத்தது. அந்தத் தவணையில் கிட்டத்தட்ட வகுப்பு முழுவதும் 35க்குக் கீழே. ரியூசனுக்குப் போன மூன்று நான்கு பிள்ளைகள் மட்டும் தப்பினார்கள். அந்த வருடம் இந்த விதி இருந்திருந்தால், ரியூசன் காசு கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைதான் ஓட்டப்போட்டிக்குப் போயிருக்கும். ஆசிரியர் இல்லாத குற்றத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனை.

புள்ளி விதியைப் பேர்போன அளவில் செய்து பார்த்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். 1984இல் அங்கே சட்டம் வந்தது. ஒரு பாடத்திலாவது 70க்குக் கீழே போனால் ஆறு வாரத்துக்குப் போட்டி இல்லை. தேறாவிட்டால் ஆட்டமில்லை என்றுதான் ஊரில் பெயர். அவர்களுடைய கால்பந்தாட்டம் அங்கே திருவிழா மாதிரி, சும்மா விடுவார்களா? வழக்குப் போனது. 1985இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் பத்து வருடம் கழித்து, 1995இல், சட்டத்தையே இளக்கினார்கள். ஆறு வாரம் மூன்று வாரமானது. தடையில் இருக்கும் பிள்ளையும் பயிற்சிக்கு வரலாம் என்றானது.

இதில் எனக்குப் பிடித்த பாடம் 70 என்ற எண் அல்ல, அந்த வாரக்கணக்கு. மூன்று வாரத்தில் மறுபடி பார்க்கிறார்கள். பிள்ளை தேறியிருந்தால் திரும்பவும் அணிக்குள் வருகிறது. நாங்கள் தவணைக்கு ஒருமுறைதான் அளக்கிறோம். வருடக் கடைசிப் பரீட்சையில் விழுந்த பிள்ளைக்கு அடுத்த அளவுகோல் முதலாம் தவணை முடிவில்தான் வரும். அதற்குள் பாடசாலைக்குள் இல்லங்களுக்கிடையே நடக்கும் மெய்வல்லுநர் போட்டியும் முடிந்து, கோட்டத்துக்குப் போகிறவர்களின் பட்டியலும் போய்விடும். டெக்சாஸில் மூன்று வாரத் தடை, வன்னியில் அதே விதி ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். விதியை இரவல் வாங்குகிறவர்கள் அதன் மணிக்கூட்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் ஒன்று இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நான் படித்த பாடசாலை ஒன்றில் வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுக்காரனாக இருந்தேன். கணிதத்தில் 22. தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன் என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு கிழமையில் நான் கணிதம் படித்தேனா? இல்லை. மாட்டைக் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளக்கட்டில் போய் இருந்தேன். அடுத்த கிழமையும் பள்ளிக்குப் போகவில்லை. எல்லாப் பிள்ளையும் என்னைப்போல் ரோசக்காரன் இல்லைதான். ஆனால் போட்டிதான் பள்ளியோடு தன்னைக் கட்டிவைத்திருக்கும் ஒரே கயிறு என்றிருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கயிற்றை அறுப்பது படிப்பை வளர்க்காது.

இன்னொரு வழி, பல பாடசாலைகளில் சத்தமில்லாமல் நடப்பது: 11ஆம் தரத்தையும் 13ஆம் தரத்தையும் மொத்தமாக நிறுத்துவது. பரீட்சை வருடம், விளையாட்டு வேண்டாம். பெற்றோருக்கு இது நிம்மதி. பெரிய பாடசாலைக்கு இழப்பும் தெரியாது. 11ஆம் தரத்தோடு முடிகிற சின்னப் பாடசாலைக்கு இது வேறு கதை. வகுப்புக்கு இருபது பிள்ளைகள், அதில் பாதி பெண்கள். வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். உயரமும் பலமும் வந்த பிள்ளைகள் 11இல்தான் இருப்பார்கள். அவர்களை எடுத்துவிட்டால் அணியே இல்லை, 8ஆம் தரத்துப் பிள்ளைக்குப் பார்த்துப் பழக ஆளும் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் நிறுத்துவோம் என்றால் ஒத்துக்கொள்வேன். வருடம் முழுவதும் என்றால் மாட்டேன்.

இனி வரவு. என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

80 வீதம் என்ற எண் நமக்குப் புதிதல்ல. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை வழியாகத் தோற்றுகிற பிள்ளைக்கு 80 வீத வரவு வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பொதுப் பரீட்சைக்கு 75 வீதம் கேட்கிறது. நோய்க்கும், தேசிய அளவிலான விளையாட்டுக்கும் சலுகை உண்டு. இரண்டுமே பரீட்சைக்கான விதிகள், போட்டிக்கானவை அல்ல. ஆனால் வரவு ஒரு நல்ல அளவுகோல் ஏன் என்பதற்கு அவை உதவுகின்றன. கணிதம் வருவதும் வராததும் முழுக்கப் பிள்ளையின் கையில் இல்லை. பள்ளிக்கு வருவது, அனேகமாக, கையில் இருக்கிறது. ஆசிரியர் வெற்றிடமாக இருந்தாலும் வாங்கில் வந்து குந்தலாம்.

அதைவிட, எங்கள் பாடசாலையின் உண்மையான வியாதிக்கு மருந்து இதுதான். காலையில் வகுப்பில் காணாத பெடியன் பின்நேரம் இரண்டு மணிக்கு மைதானத்தில் நிற்பான். பொறுப்பாசிரியருக்கும் தெரியும். "வராட்டி பரவாயில்லை சேர், ஓட்டத்துக்கு நான் வருவன்தானே" என்று ஒருவன் என் முன்னாலேயே சொன்னான். புள்ளி விதி அவனைத் தொடாது, அவன் மூன்று பாடத்திலும் 40க்கு மேல் எடுக்கிற கெட்டிக்காரன்.

சரி, 80 வீதம் என்று எழுதிவிட்டால் முடிந்ததா? அங்கேதான் பொறி இருக்கிறது. எதன் 80 வீதம்?

முதலாம் தவணையை எடுங்கள். காலபோக நெல் வெட்டு நடக்கிற காலம். வெட்டு மெசின் வந்த பிறகு பிள்ளைகள் அரிவாளோடு வயலுக்குப் போவதில்லை, உண்மை. ஆனால் வெட்டின நெல்லை றோட்டோரம் காயவிட்டால் மாடு வராமல், மழை நனைக்காமல் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தாய் கூலிக்குப் போனால் சின்னவனோடு வீட்டில் நிற்க ஒரு ஆள் வேண்டும். "நான் கச்சான் ஆயப் போறன் சேர், சின்னவனை ஆர் பாக்கிறது?" என்று கேட்ட தாய்க்கு வகுப்பாசிரியர் என்ன பதில் சொல்வார்? அந்த ஆள் பெரும்பாலும் மூத்த மகள். பத்து நாள் பள்ளி போய்விடும்.

தவணை தொடங்கியதும் பத்து நாள் வராத பிள்ளையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். தவணை தொடக்கத்தில் இருந்து 80 வீதம் என்றால், அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் விடாமல் 40 நாள் வர வேண்டும்: 50இல் 40. எட்டுப் பள்ளிக் கிழமை. அதற்குள் எல்லாப் போட்டியும் முடிந்திருக்கும், ஆகவே அவள் முயற்சி செய்யக் காரணமே இல்லை. கடைசி 20 பள்ளி நாட்களில் 80 வீதம் என்று வைத்தால், 20இல் 16. திரும்பி வந்து 16 நாள் ஒழுங்காக வந்தால் போதும். மூன்று கிழமையும் ஒரு நாளும். அதே 80தான், ஆனால் ஒன்று கதவைப் பூட்டித் திறப்பைக் குளத்தில் எறிகிறது, மற்றது திறப்பைப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கிறது.

இன்னொரு சின்னப் பொறி. கோட்டத்துக்குப் போகிறவர்களின் பட்டியலைத் தவணையின் 15ஆவது நாளில் எடுத்தால், தவணைக் கணக்கில் மூன்று நாள் விட்ட பிள்ளை 80இல் நிற்கும். நாலாம் நாள் காய்ச்சலில் படுத்தால் 11 நாள், 73 வீதம், வெளியே. கடைசி 20 நாள் என்றால் போன தவணையின் கடைசிக் கிழமையும் சேர்ந்து கணக்கில் வரும். மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து பஸ் வராத நாட்களை என்ன செய்வது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வரும். என் பதில்: அந்தப் பாதையால் வருகிற ஒருவரும் வரமுடியாத நாள் கணக்கிலேயே இல்லை. பாடசாலை அலுவலாகப் போட்டிக்குப் போன நாள் வந்த நாள்தான். இதை எழுதிவைக்காவிட்டால், மாகாணம் வரை போகிற பிள்ளையே வரவு குறைந்து தடைப்படும் பகிடியும் நடக்கும்.

வெட்டு நாட்களுக்கு விலக்குக் கொடுக்கலாமே என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். எனக்கு மனமில்லை. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று நாடு சொல்லும்போது, வயலுக்கு மறிப்பது சரிதான் என்று பாடசாலையே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மன்னிப்பு வேண்டும், அனுமதி வேண்டாம். கடைசி 20 நாள் என்ற கணக்கு அதைத்தான் செய்கிறது.

வரவு விதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். புள்ளியைக் கள்ளமாக மாற்றுவது கஷ்டம், வரவு இடாப்பில் ஒரு கீறு போடுவது சுகம். பட்டியல் போவதற்கு முதல் நாள் அணித் தலைவர்கள் வகுப்பாசிரியரைச் சுற்றி நிற்பார்கள். வகுப்பாசிரியரே அந்த அணியின் பொறுப்பாசிரியராகவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் கணக்கை எடுப்பவர் அந்த அணிக்குச் சம்பந்தமில்லாத ஒருவராக இருக்க வேண்டும். பிரதி அதிபர் பொருத்தம்.

ஒழுக்க விதியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கைபேசி கொண்டுவந்தவன், அடித்தவன், புகைத்தவன் போகக்கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒழுக்கம் என்ற சொல்லுக்குள் தலைமயிர் வெட்டு, ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தது, கேள்வி கேட்டது எல்லாம் புகுந்துவிடும். எந்தக் குற்றம், எத்தனை நாள் தடை, யார் தீர்ப்பது, தாய் தகப்பனைக் கூப்பிட்டார்களா என்ற நாலும் எழுத்தில் இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் அது ஒருவருடைய கோபத்துக்குக் கிடைத்த கைப்பிரம்பு.

விதியே வேண்டாம், விரும்பின பிள்ளை எல்லாம் வரட்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பாடசாலைக்குள் நடப்பவற்றுக்கு நான் அவர்கள் பக்கம். இல்ல விளையாட்டில், வாணி விழாவில், மாணவர் மன்றத்தில் எந்தப் படலையும் வேண்டாம். கடைசியாக ஓடி வருகிற பிள்ளைக்கும் அந்த நாள் சொந்தம். வெளியே பாடசாலையின் பெயரில் போகும்போது மட்டும்தான் படலை. இந்த வித்தியாசம் போன கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும்தான்.

இதற்கிடையில் எழுதாத தகுதி விதிகள் சில இருக்கின்றன, அவை எழுதினவற்றைவிட அதிகம் பேரை நிறுத்துகின்றன. ஜேர்சிக்குக் காசு. சப்பாத்து. பெண் பிள்ளை என்றால் பின்நேரப் பயிற்சிக்கு அம்மம்மாவின் சம்மதம். பயிற்சி முடிய பஸ் போய்விடுவது. முறிகண்டியிலோ மாங்குளத்திலோ ஏ9 வீதியோரம் இருக்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே போய் இருக்கிற குடும்பத்துக்கு, பொழுதுபட்ட பிறகு பிள்ளை சைக்கிளில் வருகிறாள் என்றால் யானை ஞாபகம்தான் முதலில் வரும். என் மகளின் அணியில் இந்த வருடம் நின்றுபோன இரண்டு பேரும் புள்ளியாலும் நிற்கவில்லை, வரவாலும் நிற்கவில்லை. பஸ்ஸால் நின்றார்கள்.

சான்றிதழ்களின் பெறுமதியையும் பெற்றோர் குறைத்து மதிக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் படிப்புக்குப் புறம்பான துறைகளில் தேசிய மட்டத்தில் மின்னியவர்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி அதற்கும் வேண்டும் என்பதை அந்த அண்ணைக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். படிப்பை விட்டுவிட்டு ஓடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கூட்டத்துக்கு நான் கொண்டுபோகிற தாளில் இருப்பது இவ்வளவுதான். பாடசாலைக்குள் நடப்பவற்றுக்குத் தகுதி விதி இல்லை. வெளியே போவதற்குக் கடைசி 20 பள்ளி நாட்களில் 16 நாள் வரவு, கணக்கு பிரதி அதிபரிடம், பட்டியல் போகிற நாளுக்கு ஒரு கிழமை முன்னர் சுவரில். தடையில் இருக்கிற பிள்ளையும் பயிற்சிக்கு வரலாம், வரத்தான் வேண்டும். புள்ளி குறைந்தால் தடை இல்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு முன் முக்கால் மணி நேரம் படிப்பு, வீட்டில் படித்தேன் என்ற கதை செல்லாது. ஆசிரியரே இல்லாத பாடத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புள்ளி விதி கொண்டுவந்த அண்ணை இதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார். "பள்ளிக்கு வந்து நித்திரை கொண்டவனும் 16 நாள்தானே" என்று கேட்பார், எனக்கு அவரைத் தெரியும். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, முக்கால் மணி நேரப் படிப்பு மட்டும்தான் இருக்கிறது.

தாளின் அடியில் பென்சிலால் இன்னொரு வரி எழுதியிருக்கிறேன். கடைசி பஸ் நாலு மணிக்கு என்றால் பயிற்சி மூன்றே முக்காலுக்கு முடிய வேண்டும். இதைப் பேனையால் எழுதுவதற்கு முன் பொறுப்பாசிரியரிடம் கேட்க வேண்டும், அவருக்கும் அதே பஸ்தான்.